தொழிற்கல்வியும் அண்ணல் அம்பேத்கரும்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் பெயரை அறியாத இல்லம் நம்மிடையே இல்லை. அரசியல் சட்டத்தை வகுத்த மேதை என்றும், மகாடு குளத்து நீரை அருந்தி மனித உரிமையை நாட்டிய மாவீரர் என்றும், நாகபுரியில் பௌத்தம் தழுவிய சான்றோர் என்றும் அவரைப் போற்றும் நூல்களும் மலர்களும் பலவாகும். சித்திரை பிறக்கும் நாளில் ஆரம்பாக்கத்திலும், பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த குப்பங்களிலும் சேரிகளிலும் அவர் படத்துக்கு மாலை சூட்டி மகிழ்கிறோம். அப்படத்தில் அவர் கையில் இருப்பது அரசியல் சட்ட நூல். அதற்குச் சில ஆண்டுகட்கு முன்னர் அதே கைகளில் ஃபிட்டர்களையும் டர்னர்களையும் உருவாக்கும் பயிற்சித் திட்டங்களின் கோப்புகள் இருந்தன என்பதை எடுத்துரைப்போர் மிகச் சிலரே. 1942 முதல் 1946 வரை, நான்கு ஆண்டுகள், இந்தியாவின் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது.

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அப்பகுதியையே விரித்துக் கூற எண்ணினோம். காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை அடுத்து எங்கே அனுப்புவது என்னும் கேள்வியோடு நம்மை நாடி வரும் பெற்றோர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். ஐ.டி.ஐ. என்றால் படிப்பு வராத பிள்ளைக்குரிய இடம் என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். கல்லூரிப் பட்டம் ஒன்றே மானம் காக்கும் என்று வேறு சிலர் நம்புகின்றனர். இவ்விரு எண்ணங்களையும் அண்ணலின் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

அவர் 1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மாவ் இராணுவ முகாமில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி இராணுவத்தில் சுபேதார். இராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றியவர். சாதாராப் பள்ளியில் வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்கின்மீது தனியே அமர்ந்ததும், பள்ளிச் சேவகன் வந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் கிடைக்காமல் தவித்ததும் நாம் அனைவரும் அறிந்தவை. பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் சமஸ்கிருதம் கற்க விரும்பியபோது அதுவும் மறுக்கப்பட்டது, பாரசீகம் பயின்றார். எந்தப் பாடத்தைக் கற்கலாம் என்பதைக் கூடப் பிறப்பே முடிவு செய்தது என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். எந்தத் தொழிலைக் கற்கலாம் என்னும் கேள்வி பின்னர் வரும்.

பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உபகாரச் சம்பளத்தில் 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். படிப்பு முடிந்ததும் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது உடன்படிக்கை. 1916-இல் இலண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உபகாரச் சம்பளம் முடிவுற்றதால் 1917-இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்பினார்.

பரோடாவில் நடந்ததைச் சற்று நின்று நோக்க வேண்டும். அன்று இந்தியாவில் அவரையொத்த கல்வித் தகுதி உடையோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அத்தகையவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தம் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். உண்மை வெளிப்பட்டதும் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. அலுவலகத்தில் சேவகர்கள் கோப்புகளைக் கைபடாமல் தூர எறிந்தனர். சில நாள்களிலேயே பம்பாய் திரும்பினார். அங்கே பங்குச்சந்தை வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் அலுவலகம் ஒன்றைத் திறந்தார். அவர் யாரென்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வரவு நின்றது. 1918-இல் சிடன்காம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கென வைத்த குடத்தில் அவர் தண்ணீர் எடுப்பதற்கு உடன் பணியாற்றியோர் சிலர் மறுப்புத் தெரிவித்தனர்.

தகுதி வேறு, அத்தகுதி செல்லுபடியாவது வேறு என்பதை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை. தகுதியைப் பெறுவதற்கு ஒரு போராட்டம். பெற்ற தகுதியைச் சந்தை ஏற்குமாறு செய்வதற்கு மற்றொரு போராட்டம். பின்னாளில் அவர் வகுத்த திட்டங்கள் ஒவ்வொன்றிலும் இவ்விரண்டும் இணைந்தே வருவதைக் காண்கிறோம்.

1918-இலேயே இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்ததுதான் நோய் என்று மற்றையோர் கூறிக்கொண்டிருந்த காலத்தில், நிலத்தை நம்பி வேலையின்றி இருக்கும் கைகள் மிகுதி, அக்கைகளைத் தொழில்துறைக்கு மாற்றுவதே மருந்து என்பது அவர் கருத்து. கூலிக்கு வயலில் இறங்கும் நம் மக்களின் நிலை அதில் அடங்கியிருந்தது. பின்னர், தம் சேமிப்பையும் கோல்ஹாப்பூர் சாகு மகாராசரின் உதவியையும் நண்பரொருவர் தந்த கடனையும் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1923-இல் டி.எஸ்.சி. பட்டமும் பாரிஸ்டர் தகுதியும் பெற்றுத் திரும்பினார்.

திரும்பிய மறு ஆண்டே, 1924 சூலையில், பம்பாயில் ஒடுக்கப்பட்டோர் நலச் சபையைத் தோற்றுவித்தார். அதன் நோக்கங்களுள் மாணவர் விடுதிகளும் நூலகங்களும் இடம்பெற்றதைப் பலரும் எழுதுகின்றனர். கைத்தொழிற் பள்ளிகளையும் வேளாண்மைப் பள்ளிகளையும் தொடங்கி மக்களின் பொருளாதார நிலையை உயர்த்துவது என்பதும் அந்நோக்கங்களுள் ஒன்று. 1925 தொடக்கத்தில் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறக்கப்பட்டது. உயர்கல்வியின் உச்சி கண்டு வந்தவர் கைத்தொழிற் பள்ளியைத் தாழ்வாக எண்ணவில்லை.

இனி, பம்பாய்ப் பருத்தி ஆலைகளின் கதைக்கு வருவோம். தொழிற்பயிற்சியைப் பற்றிப் பேசும் எவரும் இக்கதையை விட்டுவிட இயலாது. அவ்வாலைகளில் ஆயிரக்கணக்கான தாழ்த்தப்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்தனர். ஆனால் அவர்கள் வேலை செய்தது நூற்புப் பகுதியில். அங்கே கூலி குறைவு. கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் அவர்களுக்கு இடமில்லை. காரணம் கேட்போர் வியப்புறுவர். தறியின் நாடாவில் நூற்கண்டு தீர்ந்ததும் புதிய கண்டினை இட்டு, நூலின் முனையை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுப்பது அன்றைய வழக்கம். தாழ்த்தப்பட்டவர் வாய் வைத்த நாடாவில் தாம் வாய் வைப்பதில்லை என்று மற்றத் தொழிலாளர் கூறினர். ஆலை முதலாளி தடை விதிக்கவில்லை. சட்டம் தடை விதிக்கவில்லை. பக்கத்துத் தறியில் நின்ற தொழிலாளியே தடையாக நின்றான். ஒரு நூல் முனை, ஒருவாய் எச்சில், அதனால் தலைமுறைகளின் கூலி பறிபோயிற்று.

1928-இல் பம்பாயில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டபோது, நெசவுப் பகுதியைத் தாழ்த்தப்பட்டோர்க்குத் திறந்துவிட வேண்டும் என்பதனையும் கோரிக்கைகளுள் சேர்க்குமாறு அண்ணல் வற்புறுத்தினார். இன்றேல் தம் மக்களை வேலைநிறுத்தத்தில் சேர வேண்டாமெனத் தடுப்பதாகவும் அறிவித்தார். தொழிற்சங்கத் தலைவர்கள் தயங்கித் தயங்கியே இணங்கினர். தொழிலாளர் ஒற்றுமையைப் பற்றி வாய் ஓயாது பேசியோரும் இவ்வொரு செய்தியில் வாயடைத்து நின்றனர் என்றால் மிகையாகாது.

1938 பிப்ரவரியில் மன்மாடு நகரில் இரயில்வேயில் பணிபுரியும் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாடு கூடியது. அங்கும் அவர் இதனையே வேறு தொழிலில் எடுத்துக் காட்டினார். நம்மவர் தண்டவாளத்தில் கேங் கூலியாகச் சேர்ந்து கேங் கூலியாகவே ஓய்வு பெறுகின்றனர். நிலையத்தில் போர்ட்டர் வேலை கூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை, ஏனெனில் போர்ட்டர் நிலைய அதிகாரியின் வீட்டுவேலையையும் பார்க்க வேண்டியிருந்தது. பட்டறைகளில் உதவியாளாக நுழைந்தவன் மேஸ்திரியாக உயர்வதில்லை. கும்மிடிப்பூண்டிக்கும் கூடூருக்கும் இடையே தண்டவாளத்தைத் தூக்கி நிறுத்திய பாட்டன்மாரைப் பெற்ற குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஐரோப்பாவில் இத்தகைய கொடுமை இருந்ததில்லை என்று நம் இளைஞர் சிலர் எண்ணக்கூடும். அது முழுவதும் சரியன்று. செருமானிய நாடுகளில் ஒரு காலத்தில் தச்சர், கொல்லர், ஆடை தைப்போர் ஆகிய ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் இருந்தது. அச்சங்கத்தில் பயிலாளாகச் சேர மானமுள்ள பிறப்பு வேண்டும் என்பது விதி. தூக்கிலிடுவோரின் பிள்ளைகளும், செத்த மாட்டின் தோலை உரிப்போரின் பிள்ளைகளும் மானமற்ற குடியினர் எனப் பல தொழில்களில் சேர்க்கப்படவில்லை. 1731-இல் பேரரசின் ஆணையொன்று இத்தடைகளைப் பெரும்பாலும் நீக்கியது. அப்போதும் தோல் உரிப்போருக்கு முழு விடுதலை கிடைக்கவில்லை. செத்த மாட்டைச் சுமந்தவர்களின் வழிவந்தோர் நம்மில் பலர். தொலைவிலுள்ள நாட்டில் அதே வேலை செய்தவனுக்கும் அதே பழி வந்தது என்பதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

ஆனால் அங்கே பின்னர் நடந்தது வேறு. 1810-இல் பிரஷ்ய நாடு தொழில் புரியும் உரிமையை அனைவருக்கும் திறந்துவிட்டது. காலப்போக்கில் தொழில் கற்பது பிறப்பிலிருந்து பிரிந்து தேர்வோடு இணைந்தது. செருமனியில் 1969-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம் அதனை நாடு முழுவதற்கும் ஒழுங்குபடுத்தியது. அங்கே பயிலாள் வாரத்தில் மூன்று நான்கு நாள் பட்டறையில் சம்பளத்தோடு வேலை கற்கிறான். எஞ்சிய நாள்களில் தொழிற்பள்ளியில் கணக்கும் வரைபடமும் பயில்கிறான். முடிவில் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறுகிறான். அச்சான்றிதழ் எந்த ஊரிலும் மதிக்கப்படுகிறது. அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று சான்றிதழில் எழுதியிருப்பதில்லை.

தொழிலைப் பிறப்பிலிருந்து பிரிப்பது என்பதே அண்ணலின் கருத்திலும் மையமாக இருந்தது. 1936-இல் வெளியான அவருடைய சாதி ஒழிப்பு நூல், மனிதனின் திறனையும் விருப்பத்தையும் பாராது பெற்றோரின் நிலையைக் கொண்டு முன்கூட்டியே வேலையை ஒதுக்கும் முறை பொருளாதார நோக்கிலும் கேடானது என்று வாதிடுகிறது. ஒரு தொழில் நலிந்தால் வேறு தொழிலுக்கு மாற வழியில்லாததால் வேலையின்மை பெருகுகிறது என்பதும் அவர் காட்டும் காரணம். அதே ஆண்டில் அவர் தோற்றுவித்த சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் அறிக்கையில் தொழில்நுட்பக் கல்வியை விரிவாகப் பரப்புவது ஒரு கொள்கையாக இடம்பெற்றது.

1942 சூலையில் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் பொறுப்பேற்றார். அச்சபையில் அமர்ந்த முதல் தாழ்த்தப்பட்டவர் அவரே. உலகப் போர் உச்சத்தில் இருந்த காலம். படைக்கலத் தொழிற்சாலைகளுக்கும் இராணுவப் பட்டறைகளுக்கும் தேர்ச்சி பெற்ற கைகள் பல்லாயிரம் தேவைப்பட்டன. 1940-இலேயே தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. அதனோடு இணைந்தது பெவின் பயிற்சித் திட்டம். பிரிட்டனின் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரால் அது வழங்கிற்று. பெவின் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர்; பதினோரு வயதில் பள்ளியை விட்டுப் பண்ணை வேலைக்குச் சென்றவர்; வண்டியோட்டிப் பிழைத்து, தொழிற்சங்கத் தலைவராகி, அமைச்சராக உயர்ந்தவர். இந்திய இளைஞர்களை ஐம்பது ஐம்பது பேராக இங்கிலாந்துக்கு வரவழைத்து, லெட்ச்வொர்த் போன்ற இடங்களில் இயந்திர வேலையில் பயிற்றி, அந்நாட்டுத் தொழிலாளர்களோடு பழகச் செய்து திருப்பியனுப்புவது திட்டம். முதல் குழு 1941-இல் சென்றது. இத்திட்டங்களை அண்ணல் தொடங்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். தலைவர்களின் பெயரில் இல்லாததை ஏற்றிச் சொல்வது அவர்களுக்குப் பெருமையன்று. ஆனால் அவர் பொறுப்பிலிருந்த ஆண்டுகளில்தான் இவை விரிந்தன. போர் முடிந்ததும் இவற்றை மூடிவிடாமல் அமைதிக் காலத் தொழில்களுக்கு எவ்வாறு பயன்படுத்துவது என்னும் கேள்வியும் அவர் துறையின் முன் வந்தது.

பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே, 1942 அக்டோபர் 29-ஆம் நாளில், தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை விவரிக்கும் நீண்ட விண்ணப்பம் ஒன்றை வைசிராயிடம் அளித்தார். தம் பதவியைத் தந்தவரிடமே குறைப் பட்டியலை நீட்டும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அவ்விண்ணப்பத்தின் கல்விப் பகுதியை நம் இளைஞர் அனைவரும் அறிதல் வேண்டும். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம் மக்களை உயர்த்திவிடா. அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்ந்த கல்வி வேண்டும். அதற்குச் செலவு மிகுதி, ஆதலால் அரசே உபகாரச் சம்பளம் அளிக்க வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. வெளிநாடு சென்று பயிலவும் உதவி கேட்டார். அதனோடு, அரசு அச்சகங்களிலும் இரயில்வேப் பட்டறைகளிலும் தாழ்த்தப்பட்ட இளைஞர்களைத் தொழில் பயில்வோராகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார்.

பல்கலைக்கழகமும் பட்டறையும் ஒரே தாளில் இருப்பதைக் கவனியுங்கள். பட்டறை போதும், பல்கலைக்கழகம் உங்களுக்கு எதற்கு என்று நம்மிடம் கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். பல்கலைக்கழகம் கிடைக்காதவனுக்கு எதுவும் இல்லை என்று நினைப்போர் நம்முள்ளேயே இருக்கின்றனர். அண்ணல் இருசாராரிடத்தும் சேரவில்லை.

பலன் விளைந்தது. 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளின் நேரடி நியமனத்தில் பட்டியல் வகுப்பினர்க்கு 8.33 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. 1946-இல் அது 12.5 விழுக்காடாக உயர்ந்தது. 1944-இல் மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்கான உபகாரச் சம்பளத் திட்டம் தொடங்கிற்று. இன்று நம் கல்லூரி மாணவர்கள் பெறும் உதவித்தொகையின் வேர் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் விண்ணப்பத்தில் கையொப்பமிடும்போது அதனை நினைத்துக்கொள்வார்களாக.

1944 செப்டம்பரில் அவர் சென்னைக்கு வந்தார். அம்மாதம் 23-ஆம் நாள் அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் சம்மேளனத்தின் செயற்குழு சென்னையில் கூடியது. அச்சம்மேளனத்தின் தலைவர் நம் சென்னை தந்த சிவராஜ் அவர்கள். அடுத்த ஆண்டு சென்னை மாநகரத்தின் மேயராகவும் விளங்கினார்.

போர் முடியும் தறுவாயில் வேறொரு நெருக்கடி எழுந்தது. இலட்சக்கணக்கான படைவீரர்களும் போர்த் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் வேலையிழந்து வீடு திரும்ப இருந்தனர். 1945 சூலையில் தொழிலாளர் துறையின்கீழ் மறுவாழ்வு வேலைவாய்ப்பு இயக்ககம் அமைந்தது. நாடெங்கும் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. 1946 முடிவில் அவை 71 ஆயின. தொடக்கத்தில் படையிலிருந்து விடுபட்டோர்க்கு மட்டும் இருந்த இவ்வசதி 1948-இல் வேலை தேடும் அனைவருக்கும் உரியதாயிற்று.

வேலைவாய்ப்பு அலுவலகம் என்றதும் ஆண்டுக்கணக்கில் புதுப்பித்துக் காத்திருந்த அட்டையே நம் நினைவுக்கு வருகிறது. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் அதன் தோற்றத்தில் இருந்த கருத்தை மறக்கலாகாது. அதற்கு முன்னர் ஆலையில் வேலை வேண்டுமென்றால் மேஸ்திரியின் கருணை வேண்டும். பம்பாயில் அவனை ஜாபர் என்றனர். அவன் தன் ஊரானை, தன் சாதியானைச் சேர்ப்பான், கையூட்டும் வாங்குவான். அந்த வாயிலில் நம்மவர் நுழைந்தது துடைப்பத்தோடுதான். பெயரையும் தகுதியையும் பதிவேட்டில் எழுதி, வரிசைப்படி அனுப்பும் ஓர் அலுவலகம் வந்தது பெரிய மாறுதலே. பரோடாவில் அறை கிடைக்காது அலைந்தவர் பொறுப்பிலிருந்த துறையில் அது நடந்தது என்பது பொருத்தமானதே.

அந்நான்கு ஆண்டுகளில் அவர் செய்த பிறவற்றை ஈண்டு விரிக்கவில்லை. அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பும் ஒன்றாக அமரும் மாநாடு 1942 ஆகஸ்டில் கூடியது. வாரத்துக்கு 54 மணியாக இருந்த ஆலை வேலை நேரத்தை 48 மணியாகக் குறைக்கும் சட்டத்தை 1946-இல் அவர் கொண்டுவந்தார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடிகோலினார். ஒன்று மட்டும் சேர்ப்போம். வேலை முடிந்து களைத்து வீழும் தொழிலாளிக்கு இரவுப் பள்ளி எட்டாக்கனி. வேலை நேரம் குறைந்ததும் கல்விக்குச் செய்த உதவியே.

பின்னர் அரசியல் சட்டம். தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவு நம் குழந்தைகளுக்கும் மனப்பாடம். எத்தொழிலையும் மேற்கொள்ளக் குடிமக்கள் அனைவருக்கும் உரிமை உண்டு என்னும் 19-ஆம் பிரிவின் பகுதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நெசவுக் கூடத்து வாயிலில் நின்ற மக்களுக்கு அதுவும் விடுதலைப் பத்திரமே.

அப்பத்திரம் எழுதப்பட்ட பின்னும் சோதனை வந்தது. 1953-இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு தொடக்கக் கல்வியில் ஒரு மாறுதலைப் புகுத்தியது. கிராமப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் பயின்று, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றனர். குலக்கல்வித் திட்டம் என மக்கள் அதனைக் கண்டித்தனர், கிளர்ச்சி பெருகியது, 1954-இல் காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. அதுவும் தொழிற்கல்விதான் என்று வாதிட்டோர் இருந்தனர். ஐ.டி.ஐ.யும் தொழில் கற்பிக்கிறது, குலக்கல்வியும் தொழில் கற்பிக்கிறது, வேறுபாடு என்ன என்று கேட்டனர். வேறுபாடு தெளிவு. ஒன்றில் தொழிலைப் பிள்ளை தேர்ந்தெடுக்கிறது. மற்றொன்றில் தொழில் பிள்ளையைப் பிறக்கு முன்னரே தேர்ந்தெடுத்துவிடுகிறது. இன்றும் நம் மக்களுக்கெனத் திறன் வகுப்பு நடத்த வருவோர் சிலர் துப்புரவையும் கூடை முடைதலையும் முதலில் எடுத்து வைக்கின்றனர். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுவே.

போர்க்காலப் பயிற்சித் திட்டத்தின் வழிவந்ததே 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம். அதன்கீழ் எழுந்தவையே இன்றைய ஐ.டி.ஐ.கள். 1956-இல் தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில் அமைந்து, நாடு முழுவதும் ஒரே பாடத்திட்டமும் ஒரே தேர்வும் ஒரே சான்றிதழும் வந்தன. அம்பத்தூரில் தேறிய வெல்டரும் அமிர்தசரசில் தேறிய வெல்டரும் ஒரே தகுதியினர். 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. அதில் பட்டியல் வகுப்பினர்க்கு இட ஒதுக்கீடும் உண்டு. அண்ணல் அதனைக் காணவில்லை. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவி, டிசம்பர் 6-ஆம் நாள் தில்லியில் உறக்கத்திலேயே மறைந்தார்.

அதன்பின் உலகம் மேலும் நடந்துள்ளது. ஐரோப்பிய நாடுகள் 2008-இல் தம் எல்லாத் தகுதிகளையும் எட்டுப் படிகளில் ஒப்பிடும் சட்டகம் ஒன்றை ஏற்றன. போலந்தில் கற்ற மின்பணியாளனின் தகுதி அயர்லாந்தில் எப்படிக்குச் சமம் என்று அதனைக் கொண்டு அறியலாம். இந்தியாவும் 2013 டிசம்பரில் பத்துப் படிகள் கொண்ட தேசியத் திறன் தகுதிச் சட்டகத்தை அறிவித்தது. 2023-இல் அதனை எட்டுப் படிகளாகத் திருத்தியது. பட்டறையில் கற்றவன் படிப்படியாக ஏறிப் பட்டம் வரை செல்லலாம் என்பதும், பள்ளிக்குச் செல்லாமலே கற்ற கைத்திறனைச் சோதித்துச் சான்று தரலாம் என்பதும் இதன் கருத்துகள். 1942-ஆம் ஆண்டு விண்ணப்பத்தில் பட்டறையையும் பல்கலைக்கழகத்தையும் ஒரே தாளில் வைத்தவர் இதனை வரவேற்றிருப்பார் என்றே கருதுகிறோம். படிகள் இருந்தால் மட்டும் போதுமா, ஏறுகின்றவனை மேலே இருப்போர் உள்ளே விடுகின்றனரா என்றும் உடனே கேட்டிருப்பார்.

நம் ஏரியை நோக்குவோம். பாடு என்னும் முறையில் சுத்துவலை கட்டும் இடங்கள் தலைக்கட்டு வரிசைப்படி பங்கிடப்பட்டு வந்தன. அது சண்டையைத் தவிர்த்தது, ஒருவரே நல்ல இடத்தை வளைத்துக்கொள்ளாமல் காத்தது என்பதெல்லாம் மெய். ஆனால் அவ்வரிசையில் பெயர் ஏறுவது பிறப்பினால். ஆதிதிராவிடரும் இருளரும் ஏரியின் ஆழமற்ற ஓரங்களில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தனர். சேற்றின் மணத்தையும் நீரின் உப்பையும் கொண்டு இறால் எங்கே ஒதுங்கும் என்று கூறும் பெண்கள் நம் தெருக்களில் இருக்கின்றனர். படகு இயந்திரம் பழுதானால் ஒலியைக் கேட்டே நோயைக் கூறும் இளைஞர்களும் இருக்கின்றனர். இவர்களின் திறனுக்கு எந்த ஏட்டிலும் பதிவில்லை. அக்கரையில், ஸ்ரீஹரிகோட்டாவில், 1971 முதல் விண்கலங்கள் எழும்புவதை நம் கரையிலிருந்து காண்கிறோம். அங்கும் ஃபிட்டர் வேண்டும், வெல்டர் வேண்டும், எலெக்ட்ரீஷியன் வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளின் வாயில் இன்னும் அருகில் இருக்கிறது. அவ்வாயிலில் நம் பிள்ளைகள் ஒப்பந்தக் கூலியாக நுழைவதா, சான்றிதழோடு நுழைவதா என்பது பெற்றோர் பத்தாம் வகுப்பு முடிந்த அந்த இரண்டு மாதங்களில் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

பெற்றோர் கேட்கும் விவரங்களையும் கூறிவிடுவோம். வெல்டர் பிரிவு ஓராண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் ஆகியவை ஈராண்டு. பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் பயின்று தேறியிருக்க வேண்டும். பெண் பிள்ளைகளும் சேரலாம். எட்டாம் வகுப்பிலேயே கணக்குக்கு அஞ்சி ஒதுங்கிய பிள்ளைகளே பின்னர் இடம் கிடைக்காமல் திகைக்கின்றனர் என்பதைக் கண்டு, வரும் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு முதலே கணக்குக்கும் அறிவியலுக்கும் மாலை வகுப்பு நடத்தக் கழகம் எண்ணியுள்ளது. கற்பிக்க முன்வருவோர் செயலாளரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம்.